விழிஞம்: ஆய்நாட்டுத் துறைநகரம்

முன்னுரை

2025ஆம் ஆண்டு மே மாதம் 2ஆம் நாள் விழிஞம் பன்னாட்டுத் துறைமுகம் இந்தியப் பிரதமரால் நாட்டுக்கு ஒப்படைக்கப்பட்டது. மறுநாள் காலைச் செய்தித்தாளில் வந்த பெரிய படத்தைப் பார்த்துக்கொண்டிருந்த என் மகள், "அப்பா, விழிஞம் புது ஊரா?" என்று கேட்டாள். பாறசாலையில் பிறந்து, நாள்தோறும் தொடர்வண்டியில் திருவனந்தபுரத்துக்கு அலுவலகம் சென்று மீளும் எனக்கு, அக்கேள்விக்கு உடனே விடை கூற இயலவில்லை. துறைமுகம் புதியது, துறை பழையது. ஊர் நம்முடைய தாலுகாவைச் சேர்ந்தது. இவ்வளவுதான் அப்பொழுது என் நாவில் வந்தது. அக்கேள்விக்கு முழுமையாக விடை தேட முயன்றதன் பயனே இக்கட்டுரை.

வணிக நகரம் என்றவுடன் புகாரும் கொற்கையும் முசிறியும் நம் நினைவுக்கு வருகின்றன. நெய்யாற்றின்கரைத் தாலுகாவின் கடற்கரையில், பாறைகள் சூழ்ந்த ஒரு சிறு குடாவில், ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகள் மூன்று பேரரசுகளைத் தன்பால் ஈர்த்து நின்ற விழிஞத்தை நாம் எண்ணுவதில்லை. நாகர்கோவிலிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் பிழைப்பு நாடி இவ்வெல்லைப் புறத்தில் குடியேறிய குடும்பங்கள் நாம். நாம் குடியேறிய மண் நமக்கு முற்றிலும் அயல்மண் அன்று என்பதை விழிஞத்தின் வரலாறு எடுத்துரைக்கின்றது.

ஆய்நாடும் அதன் கடற்கரையும்

பொதிகை மலையை இருப்பிடமாகக் கொண்டு ஆண்ட ஆய் குலத்தாரைச் சங்கப் புலவர்கள் பாடியுள்ளனர். கடையெழு வள்ளல்களுள் ஒருவனான ஆய் அண்டிரன் அக்குலத்தவன். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த யவன நிலநூல் வல்லார் தாலமி, தென்கோடிக் கடற்கரையை ஆய்நாடு என்றே குறித்து, அதனுள் கோட்டாற்றையும் குமரிமுனையையும் எடுத்துரைக்கின்றார். அவருக்கும் முற்பட்டதாகிய, கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த 'பெரிப்புளூஸ்' என்னும் கடற்பயண நூல், இக்கரையில் 'பலிதா' என்றொரு ஊரையும் அதன் நல்ல துறையையும் சுட்டுகின்றது. பலிதா என்பது விழிஞமே என்பது ஆய்வாளர் சிலர் கருத்து; வர்க்கலையே என்பாரும் உளர்.

நூற்சான்றுகள் இவ்வாறு ஐயத்திற்கு இடந்தர, மண்ணோ தெளிவாகப் பேசுகின்றது. கேரளப் பல்கலைக்கழகத் தொல்லியல் துறையினர் 2010களின் தொடக்கத்தில் விழிஞத்தில் அகழாய்வு நடத்தினர். பாரசீக வளைகுடாப் பகுதியிலிருந்து வந்த கூர் அடியுடைய சாடிகளின் துண்டுகளும், நீலப்பச்சைப் பூச்சுடைய மட்கலங்களின் ஓடுகளும், சீனத்துப் பீங்கான் துண்டுகளும் அங்குக் கிடைத்தன. கூர் அடிச் சாடிகள், உட்புறம் கீல் பூசப்பெற்று, நீர்மப் பண்டங்களைக் கப்பலில் ஏற்றுவதற்குப் பயன்பட்டவை. கப்பலின் அடித்தளத்தில் ஒன்றோடொன்று நெருக்கி அடுக்குவதற்காகவே அவற்றுக்கு அவ்வடிவம் அளிக்கப்பட்டது. மேற்கே பாரசீகமும் கிழக்கே சீனமும் ஒரே மண்ணில் உடைந்து கிடக்கின்றன என்றால், இடையில் நின்ற இத்துறையின் தகுதி விளங்கும்.

அக்கால வணிகத்தின் அச்சாணி பருவக்காற்று. தென்மேற்குப் பருவம் தணியும் காலத்தில் மேற்கிலிருந்து மரக்கலங்கள் வரும். வடகிழக்குப் பருவத்தில் மீளும். இடைப்பட்ட திங்கள்களில் வணிகர் கரையிலேயே தங்க வேண்டும். அவர்களுக்கு உணவு, நீர், கிடங்கு, காவல், வழக்குத் தீர்க்கும் முறை, வழிபடும் இடம் யாவும் வேண்டும். அவ்வாறு காத்திருந்த காலமே துறையை நகரமாக்கிற்று. நாம் வாழும் இந்த உள்நாடு அந்நகரத்தின் பின்புலம். அகத்தியர் மலைச்சாரலின் மிளகும் யானைத் தந்தமும் மரமும், நெய்யாற்றுக்கும் கோதையாற்றுக்கும் இடைப்பட்ட வயல்களின் நெல்லும் இல்லாமல், அச்சிறு பாறைக்குடா ஒரு மீன்பிடி துறையாகவே நின்றிருக்கும்.

பாண்டியர் கண்ட கோட்டை

கி.பி. 8ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மதுரையை ஆண்ட பாண்டியன் நெடுஞ்சடையன் பராந்தகன் விழிஞத்தின்மீது படையெடுத்தான். அவனுடைய சீவரமங்கலச் செப்பேடு, அந்நகரைக் கடலையே அகழியாகக் கொண்டு வானளாவிய மதில்களையுடையது எனப் புகழ்ந்து, அதனை அழித்து வேணாட்டு மன்னனை வென்று, யானைகளையும் குதிரைகளையும் பெருநிதியையும் கைக்கொண்ட செய்தியைக் கூறுகின்றது. மெய்க்கீர்த்திகளில் மிகையுண்டு என்பதை நாம் அறிவோம். ஆயினும், கைப்பற்றிய பொருள்களின் பட்டியலில் குதிரை இடம்பெற்றிருத்தல் சிந்திக்கத்தக்கது. நல்ல குதிரை இந்நாட்டு விளைபொருளன்று. கடல்வழி வந்த பொருள். பாண்டியன் விரும்பியது நிலத்தை மட்டுமன்று, குதிரையும் பொன்னும் வந்திறங்கும் வாயிலையும்தான் என்று கொள்ளுதல் பொருந்தும்.

அக்கால நகரத்தில் இன்று நம் கண்ணுக்குப் புலப்படுவனவற்றுள் ஒன்று விழிஞம் குடைவரை. ஏறத்தாழ 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அச்சிறு குடைவரையில் வீணை ஏந்திய தட்சிணாமூர்த்தியின் சிற்பம் உள்ளது. வாயிலின் இருபுறமும் பாறையில் சிவபெருமானின் உருவங்கள் செதுக்கப்பெற்று, முற்றுப்பெறாமல் நிற்கின்றன. சிற்பி ஏன் உளியைக் கீழே வைத்தான் என்பதற்குச் சான்றில்லை. போர்களுக்கிடையே வாழ்ந்த ஊர் அது என்பதை மட்டும் நாம் மறவாதிருத்தல் வேண்டும்.

கருநந்தடக்கனும் சாலையும்

துறைமுகச் செல்வத்தை அரசர் எதற்குச் செலவிட்டனர்? இவ்வினாவிற்கு அழகியதொரு விடை, 9ஆம் நூற்றாண்டில் ஆண்ட ஆய் மன்னன் கோக்கருநந்தடக்கனின் பார்த்திவசேகரபுரச் செப்பேடு. கலியுக நாள் 14,49,087 என நாளெண்ணிக்கையோடு குறிக்கப்பெற்ற அச்சாசனம் கி.பி. 866ஆம் ஆண்டிற்குரியது. திருவிதாங்கூர்த் தொல்லியல் துறைத் தலைவராக விளங்கிய து. அ. கோபிநாதராவ் அதனைத் 'திருவிதாங்கூர் தொல்லியல் வரிசை'யில் வெளியிட்டார்.

முஞ்சிறைச் சபையாருக்குரியதாயிருந்த உழக்குடிவிளை என்னும் நிலத்தை, மன்னன் வேறு நிலம் கொடுத்து மாற்றாகப் பெற்றான். அங்கே திருமாலுக்குக் கோயில் எடுத்தான். காந்தளூர்ச் சாலையின் முறைமையைப் பின்பற்றித் தொண்ணூற்றைந்து சட்டர் தங்கிக் கற்பதற்கு ஒரு சாலையையும் நிறுவினான். சட்டர் என்போர் மாணாக்கர். அரசன் விரும்பியவாறு நிலத்தைப் பறித்துக்கொள்ளாமல், ஊர்ச்சபையோடு மாற்று உடன்பாடு செய்துகொண்டான் என்பது நோக்கத்தக்கது. 'விளை' என்று முடியும் ஊர்ப்பெயரும் நமக்கு அயலானதன்று. இஞ்சிவிளை, களியக்காவிளை என்று இன்றும் நாம் நாவால் வழங்கும் பெயர்களின் ஈறு, ஆயிரத்து நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் செப்பேட்டில் பொறிக்கப்பட்டுள்ளது.

சாலையில் சேர விரும்புவோர் இலக்கணம் அறிந்திருக்க வேண்டும். மூவரசு நாடுகளின் நடைமுறையிலும் தேர்ச்சியுடையவராக இருத்தல் வேண்டும் என்கின்றது சாசனம். அவையில் இழிசொல் கூறினால் தண்டம் உண்டு. படைக்கலம் ஏந்தி அவைக்கு வரலாகாது. சாலைக்குள் பணிப்பெண்களை வைத்திருத்தல் ஆகாது. மாணாக்கர் இயல்பு அன்றும் இன்றும் ஒன்றே போலும்! வெவ்வேறு நாட்டார் வந்து கூடும் துறைமுகத்தையுடைய ஓர் அரசுக்கு, பல நாட்டு வழக்கும் அறிந்த கற்றோர் தேவைப்பட்டனர் என்றே நான் கருதுகின்றேன். துறையும் சாலையும் இவ்வாறு ஒன்றையொன்று தாங்கி நின்றன.

கருநந்தடக்கனுக்குப் பின் ஆண்ட விக்கிரமாதித்த வரகுணன் காலத்தில் சமயப் பொறை சிறந்து விளங்கிற்று. அவன் திருமூலவாதம் என்னும் கடற்கரைப் பௌத்தப் பள்ளிக்கு நிலம் அளித்ததைப் பாலியம் செப்பேடு கூறுகின்றது. அவனது 28ஆம் ஆட்சியாண்டில், சிதறால் மலையிலுள்ள சமணப் பள்ளியின் பட்டாரியாருக்குக் குணந்தாங்கிக் குரத்தியார் என்னும் சமணத் துறவியார் பொன் அணிகலன் வழங்கியதை அங்குள்ள கல்வெட்டு உரைக்கின்றது. திருமாலுக்குக் கோயில், புத்தருக்குப் பள்ளி, சமணர்க்கு மலைக்கோயில் ஆகிய மூன்றும் ஒரே அரசின் நிழலில் வாழ்ந்தன. பல திசை மக்கள் வந்து தங்கும் வணிக நாட்டில் ஒரு சமயத்தை மட்டும் போற்றி வாழ்தல் இயலாது என்பதை அவ்வரசர்கள் அறிந்திருந்தனர் எனலாம்.

சோழர் வருகையும் நகரின் தளர்ச்சியும்

கி.பி. 985இல் அரியணை ஏறிய முதலாம் இராசராசன், ஆட்சியின் தொடக்க ஆண்டுகளிலேயே காந்தளூர்ச் சாலையில் 'கலமறுத்த' செய்தியைத் தன் மெய்க்கீர்த்தியின் முதற்பெருமையாகக் கொண்டான். கலம் என்பது மரக்கலம் என்பர் ஒருசாரார்; உண்கலம் என்பர் மற்றொரு சாரார். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையவர்கள் காந்தளூர்ச் சாலையைப் பற்றித் தனி நூலே எழுதியுள்ளார். அச்சாலை திருவனந்தபுரத்து வலியசாலைப் பகுதியில் இருந்தது என்பது பலர் கொண்ட கருத்து. விழிஞமும் சோழர் கைப்பட்டது. கடலையே அகழியாகக் கொண்ட அந்நகரை இராசராசனின் படைத்தலைவன் வென்றதைத் திருவாலங்காட்டுச் செப்பேடு கூறுகின்றது. பின்னர் அது இராசேந்திரசோழபட்டினம் என்னும் புதுப்பெயரும் பெற்றது. முதலாம் குலோத்துங்கன் விழிஞத்தை மீண்டும் அழித்ததைக் கலிங்கத்துப்பரணி நினைவுகூர்கின்றது. அவன் காலத்தில் கோட்டாற்றில் சோழர் நிலைப்படை ஒன்றும் நிறுத்தப்பட்டது.

ஒரே ஊரைப் பாண்டியனும் சோழனும் மாறி மாறி அழித்தனர். இவற்றை நாம் பள்ளியில் வெற்றிகளாகப் படித்தோம். ஆனால், அழிந்த கிடங்கும் எரிந்த மரக்கலமும் தமிழ் பேசிய மக்களுடையவையே. மெய்க்கீர்த்தியை மட்டும் படித்துப் பெருமை கொள்ளும் நாம், மதிலின் உட்புறம் நின்றவர்களையும் எண்ணிப் பார்த்தல் நன்று.

விழிஞம் தளர்ந்ததற்குப் போர் மட்டும் காரணமன்று. 9ஆம் நூற்றாண்டில் கொல்லம் எழுச்சி பெற்றது. கி.பி. 825இல் தொடங்கும் கொல்லம் ஆண்டும், கி.பி. 849இல் வேணாட்டு அய்யனடிகள் வழங்கிய தரிசாப்பள்ளிச் செப்பேடும் அதன் வளர்ச்சிக்குச் சான்றுகள். அச்செப்பேட்டில் அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் ஆகிய வணிகக் குழுக்களுக்கு உரிமைகள் அளிக்கப்பட்டன. கொல்லத்திற்குக் காயல்களும் ஆறுகளும் இயற்கையான வழிகளாக அமைந்தன. மலைநாட்டு மிளகு தோணியிலேயே துறைக்கு வந்து சேரும். விழிஞத்திற்கு அவ்வாய்ப்பு இல்லை. தலைச்சுமையும் பொதிமாடுமே அதன் வழித்துணை. அரணாக நின்ற பாறைகளே பெருக்கத்திற்குத் தடையுமாயின.

பிற்காலத்தில் போர்த்துக்கீசியரும் உலாந்தாக்காரரும் ஆங்கிலேயரும் இக்கரைக்கு வந்தனர். 1544இல் புனித சவேரியார் திருவிதாங்கூர்க் கடற்கரையில் மீனவ மக்களிடையே சமயப் பணியாற்றினார். அதே கரையில் 1644இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியார் விழிஞத்தில் ஒரு பண்டகசாலை அமைத்தனர். எனினும், பின்னர் அஞ்சுதெங்கே அவர்களின் நிலையான கோட்டையாயிற்று. தென்திருவிதாங்கூரின் ஏற்றுமதி குளச்சல் வழியாக நடைபெறலாயிற்று. இவ்வாறு அரசர்கள் போட்டியிட்ட நகரம், கட்டுமரமும் கரமடி வலையும் கொண்டு வாழும் மீனவர் ஊராக எஞ்சியது. ஊரைக் கைவிடாதவர்கள் அவர்களே. கத்தோலிக்க மீனவரும் இசுலாமிய மீனவரும் அக்குடாவின் இருபுறமும் வாழ்ந்து, தலைமுறை தலைமுறையாகத் துறையைத் துறையாகவே காத்துவந்தனர்.

இரு நாடுகளான ஒரு வரலாறு

1954 ஆகஸ்டு 11ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டை நம் பெரியோர் மறந்திலர். மார்சல் நேசமணி அவர்களின் தலைமையில் திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசு நடத்திய போராட்டத்தின் பயனாக, 1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது.

எல்லைக்கோடு மக்களைப் பிரித்ததைப் பலர் எழுதியுள்ளனர். அது ஒரு வரலாற்றையும் இரண்டாகப் பிரித்தது. பார்த்திவசேகரபுரமும் சிதறாலும் தமிழ்நாட்டின் பக்கம் நின்றன. விழிஞமும் காந்தளூரும் கேரளத்தின் பக்கம் நின்றன. சாலை ஒரு மாநிலத்தின் பாடநூலிலும், துறை மற்றொரு மாநிலத்தின் பாடநூலிலும் இடம்பெற வேண்டியதாயிற்று. இரண்டையும் சேர்த்துப் படிக்கும் வாய்ப்பு எவருக்கு உண்டு? காலையில் களியக்காவிளைச் சந்தையில் காய்கறி வாங்கி, பகலில் நெய்யாற்றின்கரையில் அலுவல் பார்க்கும் நமக்கே உண்டு. அவ்வாய்ப்பை நாம் பயன்படுத்தினோமா என்பதே கேள்வி.

மேலை ஆப்பிரிக்காவில், நைகர் ஆற்றின் வளைவை அடுத்து, திம்புக்து என்றொரு நகரம் உண்டு. பாலைவனத்து உப்பும் தென்திசைப் பொன்னும் கைமாறிய சந்தை அது; சங்கோரே என்னும் பெரும் கல்விக்கூடமும் அங்குத் தழைத்தது. 1591இல் மொரோக்கோப் படை அதனைக் கைப்பற்றிய பின் அதன் பெருமை மங்கியது. அரசுகள் மாறின, வணிக வழிகள் மாறின, ஆயினும் அந்நகரத்துக் குடும்பங்கள் முன்னோர் எழுதிய ஏடுகளைத் தத்தம் இல்லங்களில் பேணிவந்தன. 2012இல் போர் மூண்டபோது, ஏராளமான ஏடுகள் மறைவாகத் தலைநகர் பமாக்கோவுக்குக் கொண்டு செல்லப்பட்டுக் காப்பாற்றப்பட்டன. துறையும் சாலையும் போலச் சந்தையும் கல்வியும் இணைந்து வாழ்ந்த நகரம் அது. மதில் இடிந்த பின்னும் அதன் நினைவைக் காத்தவை குடும்பங்கள்.

இதனைப் படித்தபொழுது எனக்கு நாணம் உண்டாயிற்று. என் பாட்டனார் கருப்பட்டி வாணிகம் செய்தவர். மாட்டுவண்டியில் சிப்பம் ஏற்றி நெய்யாற்றின்கரைச் சந்தைக்குச் செல்வார். அவர் கையால் தமிழில் எழுதிய கணக்கேடுகள் இரண்டு எங்கள் வீட்டுப் பரணில் இருந்தன. யாரிடம் எத்தனைச் சிப்பம், என்ன விலை, வண்டிச் சத்தம் எவ்வளவு, எந்தக் கடையில் கடன் என்று அனைத்தும் அவற்றில் இருந்தன. ஓட்டுக்கூரையை மாற்றிக் காங்கிரீட்டுத் தளம் போட்ட ஆண்டில் பழந்தாள்களோடு அவற்றையும் எடைக்குப் போட்டுவிட்டேன். தடுப்பார் ஒருவரும் இல்லை. தடுத்திருக்க வேண்டியவன் நான். இவ்வெல்லைப் புறத்து வணிகத்தின் ஒரு சிறு துண்டு அவ்வாறு என் கையாலேயே அழிந்தது. அது இருந்தாலும் என் மகளால் படிக்க இயலாது. அவள் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கவே இப்பொழுதுதான் முயல்கின்றாள்.

மீண்டும் துறைமுகம்

விழிஞத்தில் பெருந்துறைமுகம் அமைக்கும் எண்ணம் 1940களில் திவான் சர் சி.பி. இராமசாமி ஐயர் காலத்திலேயே எழுந்தது. எண்ணம் செயலாவதற்குப் பல பத்தாண்டுகள் கழிந்தன. 2015 டிசம்பரில் கட்டுமானம் தொடங்கியது. 2024 சூலையில் முதல் தாய்க்கப்பல் அணைந்தது. அவ்வாண்டு டிசம்பரில் வணிக நடவடிக்கை தொடங்கியது. 2025 சூன் 9ஆம் நாள், 24,346 கொள்கலன் அளவுகளை ஏற்றவல்ல, உலகின் மிகப்பெரிய கொள்கலன் கப்பல்களுள் ஒன்றாகிய 'எம்.எஸ்.சி. இரீனா' விழிஞத்தை அடைந்தது.

இதன் பொருளியல் எளிதில் விளங்கத்தக்கது. ஐரோப்பாவையும் கீழை நாடுகளையும் இணைக்கும் பெருங்கப்பல் வழி விழிஞத்திலிருந்து ஏறத்தாழ பத்துக் கடல் மைல் தொலைவிலேயே செல்கின்றது. கரையை அடுத்தே இருபது மீட்டரை ஒட்டிய இயற்கை ஆழம் உண்டு. பெருங்கப்பல் கொணரும் கொள்கலன்களை இங்கே இறக்கிச் சிறு கப்பல்களில் மாற்றிப் பிற துறைகளுக்கு அனுப்பலாம். இந்தியச் சரக்குகளுக்கு இப்பணியைக் கொழும்பு, சிங்கப்பூர் முதலிய அயல்நாட்டுத் துறைகளே பெரிதும் செய்துவந்தன. 9ஆம் நூற்றாண்டில் மரக்கலங்களுக்கு உதவிய அதே நில அமைப்பு, 21ஆம் நூற்றாண்டில் இரும்புக் கப்பல்களுக்கும் உதவுகின்றது.

ஆயினும், பழைய வரலாறு ஓர் எச்சரிக்கையையும் தருகின்றது. உள்நாட்டோடு வழித்தொடர்பு இல்லாத துறை நிலைபெறாது. கொள்கலன் ஒரு கப்பலிலிருந்து மற்றொரு கப்பலுக்கு மாறிச் செல்வதோடு நின்றுவிட்டால், நம் ஊர்களுக்கு அதனால் யாது பயன்? பாலராமபுரத்துத் தறியில் நெய்த துணியும், விளவங்கோட்டு இரப்பரும், நம் தோட்டத்து வாழையும் அத்துறை வழியே செல்லும் நாளில்தான் அது நமக்குத் துறைமுகமாகும். பாலராமபுரம் வரை இருப்புப்பாதை அமைக்கும் திட்டம் அந்நாளை நோக்கிய ஒரு படி. கரையைக் காத்துவந்த மீனவர்களின் நிலையும் எண்ணத்தக்கது. கடலரிப்பால் வீடிழந்தோர்க்கு மறுவாழ்வு வேண்டியும், வாழ்வாதாரம் கருதியும் அவர்கள் 2022இல் நீண்ட போராட்டம் நடத்தினர். சபையாரின் நிலத்தைப் பெற மாற்று நிலம் ஈந்த கருநந்தடக்கனின் செப்பேடு, இக்காலத்தார்க்கும் ஒரு பாடமன்றோ!

முடிவுரை

விழிஞம் எவருக்குரியது என்று வழக்காடுதல் இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆயும் பாண்டியனும் சோழனும் வேணாட்டரசனும் அதனைத் தமதென்றனர். எவருடையதாகவும் அது நிலைக்கவில்லை. நாம் வேண்டுவது உரிமையன்று, அறிவு. நம் மலையாள அண்டை வீட்டாரும் நாமும் ஒருங்கே போற்றத்தக்க பழமை இது. ஆயினும், அதன் ஆவணங்களில் பெரும்பகுதி தமிழில் உள்ளமையால், அவற்றைப் படித்துச் சொல்லும் கடமை நமக்குச் சற்று மிகுதி. தமிழ் மறந்த தலைமுறை, தன் ஊரின் முதல் ஆயிரம் ஆண்டுகளையும் சேர்த்தே மறக்கும்.

சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள் விடுக்க விரும்புகின்றேன். உறுப்பினர் இல்லங்களில் எஞ்சியுள்ள ஓலைகள், பழைய ஆதாரப் பத்திரங்கள், கணக்கேடுகள் ஆகியவற்றைப் பார்வையிட்டுப் படியெடுத்து வைக்க ஒரு சிறு குழு அமைக்கலாம். ஆண்டுக்கொருமுறை பிள்ளைகளை ஒரே நாளில் விழிஞம் குடைவரைக்கும், எல்லை கடந்து பார்த்திவசேகரபுரத்துக்கும் அழைத்துச் செல்லலாம். பேருந்துக் கட்டணத்திற்கு மேல் இதற்குப் பெருஞ்செலவு இல்லை.

சென்ற விடுமுறையில் என் மகளை அக்குடைவரைக்கு அழைத்துச் சென்றேன். முற்றுப்பெறாத சிற்பத்தை நெடுநேரம் பார்த்து நின்றவள், "இதை யாராவது முடிக்கக் கூடாதா, அப்பா?" என்றாள். கல்லில் இனி எவரும் கை வைத்தல் ஆகாது என்று கூறினேன். வீட்டிற்கு வந்ததும், கருநந்தடக்கன் என்ற பெயரைத் தமிழில் எழுதிக் காட்டச் சொன்னாள். எழுதிக் காட்டினேன். இரண்டு இடத்தில் பிழையோடு அவளும் எழுதினாள்.